எந்தக் கால் முன்னே? பலகை மேல் நிற்பதில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம் வந்துவிடும். 2019-இல் மாவட்டம் பிரியும்வரை மாமல்லபுரமும் கோவளமும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த மீனவக் குப்பங்களில் வேரூன்றிய அலைச்சறுக்கு இன்று வெகுதூரம் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்திய அலைச்சறுக்கு வீரர் அவர்.

கடலோரத்தில் பிறந்த ஆசை உள்நாட்டுக்கும் வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டிப் பார்க்கிறார்கள், குல்மார்க் பனியில் ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்களைச் செல்பேசியில் பார்க்கிறார்கள். கூடவே, பலகை மேல் எப்படி நிற்பது என்பது பற்றிப் பல தவறான எண்ணங்களும் பரவுகின்றன. அவற்றில் சில பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுப்பவை, சில உயிருக்கே ஆபத்தானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இடது கால் முன்னே இருந்தால் அந்த நிலைக்கு ‘ரெகுலர்’ என்று பெயர். வலது கால் முன்னே இருந்தால் ‘கூஃபி’. இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

நம்பிக்கை 1: எதற்கும் வலது காலைத்தான் முன்னே வைக்க வேண்டும்.

உண்மை: புதுமனைக்குள் வலது காலை எடுத்துவைத்து நுழைவது நம் மரபு, அதை மதிக்கிறோம். பலகையில் கேள்வி வேறு: எந்தக் காலுக்கு எந்த வேலை? அலைப்பலகையில் துடுப்பு போன்ற ஃபின்கள் பின்பகுதியின் அடியில் இருக்கின்றன. ஆகவே பலகையைத் திருப்பும் வேலையில் பெரும்பங்கு பின்காலுக்கு. ஸ்கேட்போர்டில் வழக்கமாக முன்கால் பலகையில் நிற்க, பின்கால் இறங்கித் தரையை உந்துகிறது. பனிமலையில் ஸ்னோபோர்டோடு, மேலே ஏற்றிச்செல்லும் இழுவை நாற்காலிக்காக வரிசையில் நகரும்போதும் முன்கால் மட்டும் கட்டப்பட்டிருக்க, பின்கால்தான் உந்தும். வலது காலில் பலம் அதிகமுள்ள பிள்ளைக்கு அந்தக் காலைப் பின்னே வைப்பதே வசதியாக இருக்கலாம். ‘வலது காலை முன்னே வை’ என்று அதட்டினால், அந்தப் பிள்ளையின் சமநிலையைத்தான் கெடுக்கிறோம்.

நம்பிக்கை 2: வலது கைப் பழக்கம் என்றால் ரெகுலர், இடது கைப் பழக்கம் என்றால் கூஃபி.

உண்மை: அப்படி ஒரு விதி கிடையாது. உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் இடது கைப் பழக்கமுள்ளவர். பலகை விளையாட்டுகளில் கூஃபியாக நிற்பவர்களோ அதைவிட மிக அதிகம். இந்தக் கணக்கு ஒன்றே அந்த எண்ணம் தவறு என்று காட்டப் போதும். எழுதும் கை, பந்தை உதைக்கும் கால், பலகையில் முன்னே நிற்கும் கால் ஆகிய மூன்றும் ஒரே பக்கமாக அமைய வேண்டும் என்பதில்லை.

நம்பிக்கை 3: பின்னாலிருந்து தள்ளிவிட்டால் எந்தக் கால் முன்னே வருகிறதோ, அதுதான் முன்கால்.

உண்மை: பல பயிற்சியாளர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் தள்ளப்பட்ட கணத்தில் உடம்பின் எடை எந்தக் காலில் இருந்ததோ, அதற்கு எதிர்க்கால்தான் முன்னே பாயும். அடுத்த முறை தள்ளினால் விடை மாறலாம். எதிர்பாராமல் தள்ளினால் பிள்ளை விழுந்து அடிபடவும் கூடும். இதைவிட நல்ல வழி உண்டு. இரண்டு நிலையிலும் சில நாள் நின்று பழகவிடுங்கள். எந்தப் பக்கத்தில் முழங்கால் தானாக மடிகிறதோ, எந்தப் பக்கம் பார்த்துப் போவது இயல்பாக வருகிறதோ, அதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

நம்பிக்கை 4: கூஃபி என்பது தவறான நிலை, திருத்தியாக வேண்டும்.

உண்மை: உலக அலைச்சறுக்குப் பட்டத்தை மூன்று முறை வென்ற பிரேசிலின் கேப்ரியல் மெதினா கூஃபி. அலைச்சறுக்கு முதன்முதலில் இடம்பெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இதாலோ ஃபெரேராவும் கூஃபி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கரோலின் மார்க்ஸும் அப்படியே. ஸ்கேட்போர்டு உலகில் எல்லோருக்கும் தெரிந்த டோனி ஹாக்கும் வலது காலை முன்வைப்பவர்தான்.

நம் கடற்கரையில் ரெகுலருக்குச் சற்று வசதி உண்டு என்பது உண்மை. அதற்குக் காரணம் கடல். தென்மேற்குப் பருவகாலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை, கோவளம், மாமல்லபுரம் முனைகளைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வடக்காக உடைந்துகொண்டே போகிறது. கரையை நோக்கி வருகிறவருக்கு அது வலப்பக்க அலை. இடது காலை முன்வைத்தவருக்கு அலையின் முகம் கண்ணெதிரே இருக்கும். கூஃபியாக நிற்பவருக்கு அது முதுகுப் பக்கம் வரும். பழகியவர் தோளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு அதையும் நன்றாகவே ஓட்டுவார். இடப்பக்க அலை அடிக்கும் கரைக்குப் போனால் வசதி அப்படியே கைமாறிவிடும்.

நம்பிக்கை 5: பெண் பிள்ளைகள் காலை அகட்டி நிற்கக் கூடாது.

உண்மை: தோள் அகலமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ காலை அகட்டி, முழங்காலை மடித்து நின்றால் உடம்பின் எடைமையம் தாழ்கிறது. பலகை ஆடினாலும் விழாமல் தாங்குவது அந்த நிலைதான். முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்து நிற்கும் அரைமண்டியைப் பரதம் கற்கும் நம் பெண் பிள்ளைகள் சிறு வயதிலேயே பழகுகிறார்கள். மேடையில் அழகாகத் தெரிகிற ஒன்று தெருவில் குற்றமாகிவிடாது. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோது பாவாடையும் வெறுங்காலுமாக ஸ்கேட்போர்டில் சறுக்கிய படத்தை டோனி ஹாக் பகிர்ந்தார். அவரைப் பற்றிய ‘கமலி’ என்ற ஆவணப்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிள்ளைக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள், காலைச் சேர்த்து நிற்கச் சொல்லாதீர்கள்.

நம்பிக்கை 6: காலைப் பலகையோடு இறுக்கிக் கட்டினால் விழ மாட்டோம், பாதுகாப்பு.

உண்மை: காலை மரத்தோடு கட்டிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடலில் மரக்காலாடலும் ஒன்று. பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர்கள் இன்றும் கட்டைக்காலைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தக் கட்டு ஆட்டத்துக்கு உதவும், விழாமல் காக்காது. பனியிலும் அப்படித்தான். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துச் செய்த ‘ஸ்னர்ஃபர்’ பலகையில் காலுக்குக் கட்டே கிடையாது. 1977-இல் வெர்மான்ட்டில் தொழில் தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் போன்றவர்கள் கட்டுப்பட்டைகளைச் சேர்த்த பிறகு, பலகை காலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. கட்டின் வேலை அதுதான்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் கட்டு வேறு. இரட்டைக் கட்டையில் சறுக்கும் ஸ்கீயில், விழும்போது கால் கழன்றுகொள்ளும்படி கட்டு (பைண்டிங்) செய்கிறார்கள். நீளமான கட்டை ஒற்றைக் காலை முறுக்கினால் முழங்கால் தசைநார் அறுந்துவிடும் என்பதே காரணம். ஸ்னோபோர்டில் கட்டு கழலாது. இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் தனிக்காலில் முறுக்கு குறைவு. ஆனால் விழுகிறவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவு அதிகம். ஒற்றைக் காலை மட்டும் கட்டிக்கொண்டு இழுவை நாற்காலியிலிருந்து இறங்கும் நேரத்தில் முழங்காலுக்கும் ஆபத்து உண்டு.

அலைச்சறுக்கில் பாதம் கட்டப்படுவதே இல்லை. பின்காலின் கணுக்காலில் ‘லீஷ்’ என்ற கயிறு மட்டும் இருக்கும். பலகை தப்பிப்போய் அடுத்தவர் மேல் மோதாமல் இருக்கவும், விழுந்தவருக்குப் பலகை எட்டும் தூரத்தில் இருக்கவும் அது உதவுகிறது. நீச்சல் தெரியாதவரை அது காப்பாற்றாது.

நம் ஊருக்கு மிக முக்கியமான செய்தி இது. ஏரி நிரம்பும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கலங்கல் வழியும் இடத்திலோ மதகுக்கு அருகிலோ ஓடும் கால்வாயிலோ காலில் கயிறு கட்டிக்கொண்டு கட்டை மேல் ஏறி விளையாடக் கூடாது. கயிறு வேரிலோ கல்லிலோ மதகுக் கம்பியிலோ மாட்டினால், ஓடும் தண்ணீர் ஆளை அடியில் அழுத்திவிடும். குனிந்து கணுக்கால் கயிற்றை அவிழ்க்க அந்த வேகம் விடாது. நின்று துடுப்பு போடும் பலகையை ஓடும் நீரில் ஓட்டுகிறவர்கள் இதனால்தான் கணுக்கால் கயிற்றைத் தவிர்த்து, ஓர் இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையை அணிகிறார்கள்.

நம்பிக்கை 7: குதிகால் கட்டாத டெலிமார்க் என்ற ஸ்கீ முறை வழக்கொழிந்தது. இரண்டு காலும் ஒரே வாட்டத்தில் இருப்பதுதான் சரியான நிலை.

உண்மை: நார்வேயின் டெலிமார்க் பகுதியிலுள்ள மோர்கெடால் கிராமத்தில் பிறந்தவர் சோந்த்ரே நோர்ஹெய்ம் (1825–1897). முறுக்கிய மரவேரைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, குதிகால் உயரவும் பாதம் பிடியில் நிற்கவும் வழி செய்தார். ஒரு காலை முன்னே நீட்டி, பின்கால் முழங்காலை மடித்துத் திரும்பும் முறை அங்கிருந்து வந்தது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் அது மீண்டும் உயிர்பெற்றது. இன்று அதற்கு உலகக் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. பனித்தாவல் வீரர்கள் ஒரு காலை முன்வைத்து டெலிமார்க் நிலையில் தரையிறங்காவிட்டால் நடுவர்கள் புள்ளியைக் குறைக்கிறார்கள்.

பாதத்தின் வாட்டமும் வேலையைப் பொறுத்ததே. இரு பக்கமும் ஓட்டிப் பழகும் ஸ்னோபோர்டு வீரர்கள் முன்பாதத்தை முன்னோக்கியும் பின்பாதத்தைப் பின்னோக்கியும் சுமார் 15 பாகை திருப்பி வைப்பதுண்டு. கடினமான காலணியோடு வேகமாக வளைந்து செதுக்கி ஓட்டுகிறவர்கள் இரண்டு பாதத்தையும் 50 பாகைக்கு மேல் முன்னோக்கித் திருப்புகிறார்கள். ‘மோனோஸ்கீ’ ஓட்டுகிறவர்கள் ஒரே அகலப் பலகையில் இரண்டு காலையும் அருகருகே வைத்து நேரே பார்த்து நிற்கிறார்கள். இவற்றில் எதுவும் தவறில்லை.

பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்கால் எது என்பதைப் பிள்ளையின் உடம்பு முடிவு செய்யட்டும். நீங்கள் கண்டிப்பு காட்ட வேண்டிய இடங்கள் மூன்று: முதலில் நீச்சல், தலையில் கவசம், ஓடும் தண்ணீரில் காலில் கயிறு கூடாது.