நாய் பூனைகளின் தெள்ளுப்பூச்சிக்கு உள்மருந்து

இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரக் கிராமங்களில் நாயில்லாத தெருவும் பூனையில்லாத மீன்துறையும் காண்பது அரிது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் முதலிய இடங்களில் மீன் இறங்கும் துறைகளைச் சுற்றிப் பூனைகள் பெருகி வாழ்கின்றன. உள்நாட்டுப் புன்செய்களில் ஆட்டுக்கிடை மறிப்பவர்களுக்கு இரவுக் காவல் நாயே. 1985-ஆம் ஆண்டில் ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்படும் வரையில் இராஜபாளையமும் இந்த ஜில்லாவைச் சேர்ந்தே இருந்தது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயின் கீர்த்தி யாவரும் அறிந்ததே. இவ்வளவு உபயோகமுள்ள பிராணிகள் தெள்ளுப்பூச்சியால் இரவும் பகலும் சொறிந்துகொண்டு வாடுவதைக் குடியானவர்களில் பலர் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. எண்ணுகிறவர்களும், ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் தெள்ளு மறுபடியும் தோன்றவே, மருந்து பலிக்கவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். மருந்தில் குறைவில்லை, அதை உபயோகிக்கும் முறையிலேயே குறை இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெள்ளினால் உண்டாகும் கேடுகள்

பெண் தெள்ளு ஒன்று ஒரு நாளில் தன் எடையைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு இரத்தம் குடிக்கிறது. கொழுத்த நாய்க்கு இதனால் சொறியும் மயிர் உதிர்தலுமே காணும். ஆனால் குட்டிகளுக்கு இரத்தச் சோகை உண்டாகி உயிருக்கே அபாயம் நேரலாம். நாய் பூனைகளின் மீது வாழும் தெள்ளு ஆட்டையும் விடுவதில்லை. காவல் நாய் படுக்கும் இடத்திற்கு அருகில் அடைக்கப்படும் ஆட்டுக்குட்டிகள் தெள்ளு மிகுந்த காலத்தில் மெலிந்து, ஈறு வெளுத்து, சில சமயங்களில் மாண்டும் போகின்றன. தீவனக் குறைவென்றோ குடற்புழுவென்றோ எண்ணி வேறு வைத்தியம் செய்பவர்கள், குட்டியின் வயிற்றுப் பக்கத்து மயிரை ஒருமுறை விலக்கிப் பார்ப்பது அவசியம்.

நாய்களின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு தெள்ளின் மூலமாகவே பரவுகிறது. நாய் தன் உடலைக் கடித்துக்கொள்ளும்போது தெள்ளை விழுங்குகிறது. விழுங்கிய தெள்ளுக்குள் இருக்கும் புழுக்கரு குடலில் வளர்கிறது. நாயோடு தரையில் விளையாடும் குழந்தையும் தற்செயலாகத் தெள்ளை விழுங்கினால் அதே புழுவுக்கு ஆளாகும். நாயின் மலத்திலோ வாலடியிலோ வெள்ளரி விதை போன்ற வெண்ணிறத் துண்டுகள் காணப்பட்டால் இப்புழு உண்டென்று அறியலாம். அப்போது புழு மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. தெள்ளு ஒழியாத வரையில் புழுவும் ஒழியாது.

தெள்ளு நோய் பரப்பும் ஜந்து என்பதை உலகம் அறிந்ததும் நம் நாட்டின் வழியாகவே. பிரெஞ்சு வைத்தியரான சிமோன் என்பவர் 1898-ஆம் ஆண்டில் கராச்சியில் சோதனை நடத்தி, பிளேக் நோயை எலியிலிருந்து எலிக்குக் கொண்டுசெல்வது தெள்ளே என்று காட்டினார். அது எலித் தெள்ளு. நாய் பூனைகளின் தெள்ளு வேறு இனம். ஆயினும் தெள்ளுக்கடி அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பதற்கு இச்சரித்திரம் போதுமான சான்றாகும்.

தெள்ளு வாழும் இடம்

நாயின் மேல் காணப்படும் தெள்ளுகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவே ஆகும். மீதி 95 பங்கும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலேயே இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

தெள்ளு நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்த ஒன்றிரண்டு தினங்களுக்குள் முட்டையிடத் தொடங்குகிறது. நன்றாக இரத்தம் குடித்த பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரையில் இடும். பத்துத் தெள்ளுகள் இருந்தால் ஒரு வாரத்தில் 2,800 முட்டைகள் என்று கணக்கு ஆகிறது. முட்டைகள் மயிரில் ஒட்டாமல், நாய் படுக்கும் இடத்தில் உதிர்கின்றன. அவற்றினின்றும் வெளிவரும் புழுக்கள், பெரிய தெள்ளு கழித்த உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளர்ந்து, பின் பட்டு நூலால் கூடு கட்டிக்கொள்கின்றன. கூடு பிசுபிசுப்பானதாகையால் மணல் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அது ஒரு மணற்குறுணியாகவே தோன்றும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எந்த மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. அது ஒரு வாரம் பத்து நாளில் வெளிவரலாம். பிராணிகளின் நடமாட்டம் இல்லாவிடில் பல மாதம் காத்திருக்கவும் செய்யும். காலடி அதிர்ச்சியும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே தாவும். சில வாரம் பூட்டிக் கிடந்த குடிசையைத் திறந்து உள்ளே நுழைந்தவர்களின் காலில் தெள்ளு மொய்ப்பதன் காரணம் இதுவே.

தெள்ளுப் புழுவுக்கு ஈரமான காற்றும் நிழலும் வேண்டும். கடற்கரையில் காற்றின் ஈரம் வருஷம் முழுவதும் குறைவதில்லை. ஆனால் வெட்டவெளியில் நண்பகல் வெயிலில் காயும் மணலில் இப்புழு பிழைக்காது. ஆகவே தெள்ளு கடற்கரை மணலெங்கும் நிறைந்திருப்பதாக எண்ணுவது தவறு. ஓலைக் குடிசையின் உட்புறம், திண்ணையின் அடி, குவித்து வைத்த வலை, கவிழ்த்த வள்ளத்தின் நிழல், ஆட்டுக்கொட்டிலின் மூலை, நாய் படுக்கும் சாக்கு ஆகிய இவையே அதன் உறைவிடங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பெய்து தரை ஈரமாகும்போது தெள்ளு மிகுவதும் இதனாலேயே.

உள்மருந்துகளின் வகை

முற்காலத்தில் டி.டி.டி. பொடியும் பி.எச்.சி. பொடியும் பிராணிகளின் மேல் தூவப்பட்டன. அவை பிராணிகளுக்கும் மனிதருக்கும் தீங்கு செய்வன, பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இக்காலத்தில் வாய்வழியாகக் கொடுக்கும் மருந்துகள் கிடைத்திருக்கின்றன. இவை இரத்தத்தில் கலந்து நிற்க, தெள்ளு கடித்து இரத்தம் குடித்தவுடன் மருந்து அதன் உடலில் சேர்கிறது. கடல் நீரில் நனையும் நாய்க்கும் மழையில் நிற்கும் கிடை நாய்க்கும் இம்முறை மிகவும் ஏற்றது. மேலே பூசும் மருந்தைப்போல் கழுவப்பட்டுப் போவதில்லை. அவற்றின் வகை வருமாறு:

1. நைட்டன்பிராம். இது கொடுத்த அரை மணி நேரத்தில் தெள்ளைக் கொல்லத் தொடங்கும். ஆனால் இதன் பலன் ஒரு நாள் அளவே நிற்கும். நான்கு வாரம் நிரம்பிய குட்டிகளுக்கும் கொடுக்கத்தக்கது.

2. லுபெனூரான். இது வளர்ந்த தெள்ளைக் கொல்லாது. அது இடும் முட்டை வளராதபடி செய்யும். ஆகையால் வேறு மருந்தோடு சேர்த்தே பயன் தரும்.

3. ஸ்பினோசாட். மாதம் ஒருமுறை, உணவோடு கொடுப்பது. நாய், பூனை இரண்டுக்கும் உரிய தனித்தனி அளவுகள் உண்டு.

4. ஐசாக்ஸசோலின் வகை. அபாக்ஸோலனர், சரோலனர், லோட்டிலனர் என்பவை மாதம் ஒருமுறை கொடுக்கத்தக்கவை. புளூரலனர் ஒருமுறை கொடுத்தால் தெள்ளுக்கு 12 வாரம் காப்பாக நிற்கும். ஊர் ஊராகக் கிடையோடு செல்லும் நாய்க்கு இது வசதியானது. இவ்வகை மருந்துகள் உண்ணியையும் கொல்வது மற்றொரு லாபம்.

இவற்றுள் வலிப்பு நோய் உள்ள நாய்க்கு ஐசாக்ஸசோலின் வகையும் ஸ்பினோசாடும் கொடுக்குமுன் வைத்தியரின் யோசனையைக் கேட்பது அவசியம். ஐசாக்ஸசோலின் வகையால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் உண்டாகலாம் என்று அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2018-இல் எச்சரித்திருக்கிறார்கள். பெரும்பான்மையான நாய்கள் யாதொரு தீங்கும் இன்றி ஏற்கின்றன. எனினும் கொடுத்த நாளில் பிராணியைக் கண்காணிக்க வேண்டும்.

மிளகாய்த் தோட்டத்து மருந்து நாய்க்கு ஆகாது

ஸ்பினோசாட் என்ற பெயர் இந்த ஜில்லாவில் முண்டு மிளகாய் பயிரிடுவோர்க்குப் புதிதன்று. மிளகாயில் இலைப்பேனையும் காய்ப்புழுவையும் ஒழிக்கத் தெளிக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. 1982-ஆம் ஆண்டில் கரிபியத் தீவொன்றில் கைவிடப்பட்ட சாராய வடிப்பாலையிலிருந்து எடுத்த மண்ணில் காணப்பட்ட ஒரு நுண்ணுயிரே இம்மருந்தின் மூலம். பயிருக்கும் நாய்க்கும் மூலப்பொருள் ஒன்றாயிருக்கவே, தோட்டத்துப் புட்டியிலிருந்து சில துளி எடுத்துச் சோற்றில் கலந்து கொடுத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். இது முற்றிலும் தவறான எண்ணம். பயிர் மருந்து ஏக்கர் கணக்கில் நீரில் கலந்து தெளிப்பதற்காகச் செறிவாக்கப்பட்டது. உண்ணத்தகாத வேறு பொருள்களும் அதில் சேர்ந்திருக்கும். நாய்க்குரிய மாத்திரையோ கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவிட்டுச் செய்யப்பட்டது. ஆதலால் பயிர் மருந்து எதையும் பிராணிகளின் வாயிலிடலாகாது. உடலில் தடவவும் கூடாது.

இதைவிடப் பெரிய அபாயம் பூனைகளுக்கு நேர்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்ணி நீங்கத் தெளிக்கும் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளை மீதமிருக்கிறதென்று பூனையின் மேலும் ஊற்றுவோர் உண்டு. பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு பூனை இறந்துவிடும். நாய்க்குரிய மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுப்பதும் கூடாது. பூனைக்கென்று தனியாகச் செய்யப்பட்ட மருந்தையே, அதற்குரிய அளவில் கொடுக்க வேண்டும்.

தெள்ளு ஓடும் என்று நாய்க்குப் பூண்டு அரைத்துக் கொடுப்பதும் விலக்கத்தக்கது. பூண்டும் வெங்காயமும் நாய் பூனைகளின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. தெள்ளினால் ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிராணிக்கு அது இரட்டைக் கேடாகும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் நுரையீரலையும் கெடுக்கும்.

கொடுக்கும் முறை

முதலில் தெள்ளு உண்டா என்று நிச்சயிக்க வேண்டும். நாயை ஒரு வெள்ளைத் துணியின்மேல் நிறுத்திச் சீப்பால் வாரினால் மிளகுத்தூள் போன்ற கரிய பொடி உதிரும். துணியில் சிறிது நீர் தெளித்தவுடன் அப்பொடி செந்நிறமாகக் கசிந்தால், அது தெள்ளு கழித்த இரத்தமே. சாதாரண மண் அவ்விதம் கசியாது.

அடுத்தபடி எடை அறிய வேண்டும். மிளகாய் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின்மேல் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பின் தாம் மட்டும் நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். கண்மதிப்பில் எடை சொல்லி மருந்து வாங்கலாகாது. எட்டு வாரம் நிரம்பாத அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டிகளுக்கு ஐசாக்ஸசோலின் வகையைத் தவிர்த்து, சீப்பால் வாரித் தெள்ளைச் சோப்பு நீரில் அமிழ்த்துவது உத்தமம். சினையாயும் பால் கொடுப்பதாயும் இருக்கும் பிராணியானால் அதை வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடாமல், மீன் கலந்த சோற்றோடு கொடுத்து, முழுவதும் விழுங்கும் வரையில் அருகில் நிற்க வேண்டும். கொடுத்த நாளைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைப்பது நலம். நாய்க்கான மாத்திரையை ஆடுகளுக்குக் கொடுக்கலாகாது. அவற்றின் பாலும் இறைச்சியும் மனிதர் உணவாகையால், ஆட்டுக்குட்டிகளுக்கு வேண்டிய சிகிச்சையைக் கால்நடை வைத்தியரே தீர்மானிப்பார்.

மூன்று மாத ஒழுங்கு

மாத்திரை கொடுத்த மறுநாள் நாயின் மேல் தெள்ளு இராது. ஆனால் தரையிலுள்ள கூடுகளிலிருந்து புதுத் தெள்ளுகள் தினந்தோறும் வெளிவந்து நாயின் மேல் ஏறிக்கொண்டேயிருக்கும். இவற்றைக் கண்டு மனம் தளரலாகாது. மருந்து இரத்தத்தில் நிற்கும் வரையில் இவை முட்டையிடுமுன் மடிந்துவிடும். தரையிலுள்ள சேமிப்பு நாளுக்கு நாள் குறையும். ஆகவே நாய் அப்போது எதிரியைத் தன்பால் இழுத்துக் கொல்லும் பொறிபோல் வேலை செய்கிறது. இடையில் மருந்தை நிறுத்தினால் மிஞ்சிய சில தெள்ளுகள் மறுபடியும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடும். ஆதலால் மாத மருந்தானால் மூன்று முறை தவறாமல் கொடுப்பதும், வீட்டிலுள்ள நாய் பூனை எல்லாவற்றிற்கும் ஒரே நாளில் கொடுப்பதும் இன்றியமையாதவை. ஒரு பூனையை விட்டுவிட்டாலும் செலவழித்த பணம் வீணாகும்.

இம்மூன்று மாதமும் வாரம் இருமுறை நாய் படுக்கும் சாக்கையும் பாயையும் நண்பகல் வெயிலில் விரித்துக் காயவிட வேண்டும். திண்ணையடியையும் கொட்டில் மூலையையும் நன்றாகப் பெருக்கி, குப்பையை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். வலைக் குவியலை இடம் மாற்றி வெயில் படச் செய்ய வேண்டும். ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் இடத்தையும் நாய் படுக்கும் இடத்தையும் பிரித்து வைப்பது மிகவும் நன்மை தரும். மழைக்காலத்திற்கு முன், புரட்டாசி மாதத்திலேயே தொடங்கினால் தெள்ளு பெருகும் காலத்தில் காப்பு நின்றுவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டார் கொடாவிட்டால் பலன் பாதியே ஆகும். தெருவிலுள்ளோர் ஒரே வாரத்தில் தொடங்கும்படி ஏற்பாடு செய்வது ஊராட்சியாருக்கு இயலாத காரியமன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் நாய்கள் எப்படியும் ஒரிடத்தில் கூடுகின்றன. அப்போதே எடை பார்த்து, கால்நடை வைத்தியரின் சீட்டைப் பெற்றுக் கொடுக்கச் செய்யலாம். பயிர் மருந்தை நாய் பூனைகளுக்கு உபயோகிக்கலாகாது என்பதையும் அன்றே அறிவிப்பது நல்லது.

மாத்திரை நாயின் மேலுள்ள தெள்ளை ஒரே நாளில் ஒழிக்கும். வீட்டிலுள்ள தெள்ளை ஒழிப்பது மூன்று மாத ஒழுங்கும் வெயிலும் துடைப்பமுமே. இவ்விரண்டையும் சேர்த்துக் கைக்கொள்ளும் குடியானவர்களின் நாய் இரவில் சொறியாமல் காவல் காக்கும். அவர்கள் பட்டியில் குட்டிகளும் வெளுக்காமல் வளரும்.