நெடுஞ்சாலையும் கிராம சபையும்

சித்தூரையும் தச்சூரையும் இணைக்கும் ஆறு வழி நெடுஞ்சாலைக்காகப் பள்ளிப்பட்டு வட்டத்தில் நிலம் எடுக்கப்பட்டதை நம் வாசகர்கள் அறிவர். ஏறக்குறைய 116 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையால் சரக்குகள் சென்னைக்கு வடக்கேயுள்ள துறைமுகங்களை விரைவில் அடையும். ஆயினும், ஒரு வயலின் நடுவே சாலை சென்று, கிணறு ஒரு புறமும் பயிர் மறு புறமுமாக நின்றால் உழவர் யாது செய்வார்? இத்தகைய திட்டங்களை மக்களின் வாக்கைக் கேட்டே முடிவு செய்யலாகாதா என்ற வினா எழுவது இயல்பே.

அவ்வாறு கேட்கும் நாடும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தை எதிர்த்து 50,000 வாக்காளர்கள் 100 நாட்களுக்குள் கையொப்பமிட்டால், பொது வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 2024 நவம்பர் 24-இல் அந்நாட்டு மக்கள், ஆறு இடங்களில் நெடுஞ்சாலையை விரிவாக்கும் திட்டத்தை இவ்வழியிலேயே நிராகரித்தனர்.

நம் நாட்டில் சாலைக்கு அத்தகைய வாக்கெடுப்பு இல்லை. 2013-இல் ஒடிசாவின் நியமகிரி மலையில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, அத்திட்டமும் கைவிடப்பட்டது. ஆனால் அவ்வுரிமை வன உரிமைச் சட்டத்தின் வழியே வந்ததாகும். நம் பட்டா நிலங்களுக்கு அது பொருந்தாது.

அங்ஙனமாயின் நமக்குள்ள வழி எது? 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வகுத்துள்ள படிகளை அறிந்துகொள்வோம்.

1. நிலம் எடுக்கும் எண்ணம் முதலில் அரசிதழில் அறிவிக்கப்படும். அதன் சாரம் இரண்டு செய்தித்தாள்களில் வெளிவரும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்கும்.

2. அரசிதழ் அறிவிப்பு வெளிவந்த 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமையுள்ளோர் காரணங்களைக் காட்டி எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வாதிடவும் உரிமை உண்டு.

3. இறுதிப் பிரகடனம் வெளியானதும் நிலம் மத்திய அரசைச் சேரும். அதன் பின் நஷ்டஈடு தீர்மானிக்கப்படும். முதல் அறிவிப்பு நாளின் சந்தை மதிப்பு மட்டுமன்றி, நிலம் துண்டுபடுவதால் எஞ்சிய பகுதிக்கு நேரும் சேதமும் கணக்கில் கொள்ளப்படும். தொகை போதாதெனக் கருதுவோர் நடுவரிடம் முறையிடலாம்.

இம்மூன்றிலும் இரண்டாவது படியையே நம்மவர் பெரிதும் தவறவிடுகின்றனர். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியதோடு கடமை முடிந்ததெனக் கருதிவிடலாகாது. தீர்மானம் ஊரின் குரல். ஆட்சேப மனுவோ நில உரிமையாளரின் உரிமை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. மேலும், நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டில் ஆறு நாட்களில் கூடுகிறது. எவ்விரு கூட்டங்களுக்கும் இடையே 21 நாட்களுக்கு மேல் இடைவெளி உண்டு. வழக்கமான கூட்டத்துக்காகக் காத்திருந்தால் கெடு கடந்துவிடும்.

ஆதலின், அறிவிப்பு வந்த உடனேயே பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிறப்புக் கிராம சபை கூட்ட முயல வேண்டும். சர்வே எண்களை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றோடு மனு எழுத, எழுத்தறியாதார்க்கு உதவ வேண்டும். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எங்கே குறுக்கிடுகிறது, மாட்டு வண்டி செல்லச் சுரங்கப்பாதை எங்கே தேவை என்பவற்றை இடம் குறித்துத் தீர்மானத்தில் எழுத வேண்டும். சாலை அமைந்தபின் கேட்பதைவிட, வரைபடத்தில் இருக்கும்போதே கேட்பது எளிது.

வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் காலத்தே எழுதிய மனுவே நம் வாக்கு. அதனை 21 நாட்களுக்குள் செலுத்துவோமாக.