மூன்று நாள் வராத பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

ஓசூரிலிருந்து பெரியப்பா எழுதுவது. கெலமங்கலம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நீ சேர்ந்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். சேர்ந்த வாரமே பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்களாம். "பசங்க எப்படி இருப்பாங்களோ, பையில கத்தி கித்தி வெச்சிருப்பாங்களோன்னு பயப்படுறா" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம். பேப்பரில் வருகிற செய்திகளைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் புதிதாக வந்த ஆசிரியர் முதலில் கையில் எடுக்க வேண்டியது பிள்ளைகளின் பையை அல்ல, வருகைப் பதிவேட்டை. ஏன் என்பது நடந்தவற்றைப் பார்த்தால் விளங்கும்.

2023 ஆகஸ்ட் 9, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். இது நாடறிந்த செய்தி. அதற்கு முந்தைய நாட்களைத்தான் ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆதிக்கச் சாதி மாணவர்கள் சிலர் அவனுக்குத் தொல்லை கொடுத்து வந்தார்கள். அவன் யாரிடமும் முறையிடவில்லை. பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள், நல்ல காரியம். விசாரித்த பிறகு உண்மை வெளியே வந்தது, புகாராகவும் ஆனது. அவன் சொல்லிவிட்டான் என்ற சேதி மறுபக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே வெட்டு விழுந்தது.

அந்த மாணவன் பிழைத்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். அவன் மன உறுதியைத் தமிழ்நாடே பாராட்டியது. பாராட்டு ஒருபுறம் இருக்கட்டும். அவன் வாய் திறந்த நேரத்துக்கும் அந்த இரவுக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவனைப் பாதுகாக்க எந்த ஏற்பாடும் இல்லை. பெரியப்பா உனக்குச் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

நம் மாவட்டத்திலும் பதிவேடு பேசியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் இங்கே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர்கள் மூன்று பேர் போக்சோ சட்டத்தில் கைதானது நினைவிருக்கும். பாதிக்கப்பட்ட குழந்தை பல நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. என்ன ஏது என்று கேட்கப் போன தலைமையாசிரியரிடம்தான் விஷயம் வெளிப்பட்டது. அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று மட்டும் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரானது அதற்கு முந்தைய ஆண்டு பர்கூர் பக்கம் நடந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் போலி முகாம் நடத்தினார்கள். அந்த முகாமுக்கும் உண்மையான என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பள்ளியிலேயே தங்கிய மாணவிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிள்ளைகள் பள்ளியில் சொல்லியும் பொறுப்பில் இருந்தவர்கள் போலீசுக்குப் போகாமல் அமுக்கப் பார்த்தார்கள் என்பதுதான் வழக்கு. முகாம் நடத்தியவர்களோடு பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்று உன்னிடம் யாராவது சொன்னால் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல். குரலை உயர்த்த வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இப்போது உன் வகுப்புக்கு வருவோம். எமிஸ் செயலியில் காலையில் வருகையை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் மூன்று நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போன் போடு. போனை எடுக்காவிட்டால் நேரில் போ. தனியாகப் போகாமல் அந்தத் தெருவில் குடியிருக்கும் பெற்றோர் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள். ஓசூர்ப் பக்கம் அப்பாவோ அம்மாவோ நைட் ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பையன் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினானா, பள்ளிக்குத்தான் போய்ச் சேர்ந்தானா என்பது அவர்களுக்கே தெரியாது. சிப்காட்டை நம்பி வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. கேட்டுச் சொல்லத் தாத்தா பாட்டி பக்கத்தில் கிடையாது. நீ போய் நிற்பது அவர்களுக்குக் குறை சொல்ல வந்ததாகத் தோன்றக் கூடாது. "உங்க பையன் இல்லாம வகுப்பு ஒரு மாதிரி இருக்குங்க" என்று தொடங்கு.

அவன் வாய் திறந்து ஏதாவது சொன்னால் அங்கிருந்துதான் உன் பொறுப்பு கூடுகிறது. சொன்னவனையும் செய்தவனையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தி "இவன் இப்படிச் சொல்றானே, உண்மையா?" என்று கேட்கும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதே. யார் சொன்னது என்று தெரியாதபடி விசாரிக்கும் வழி இருந்தால் அந்த வழியிலேயே போ. அன்று மாலை அவன் எப்படி வீட்டுக்குப் போவான், எந்தப் பஸ், யாரோடு, ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைக் கேட்டு வை. ஹெச்.எம்.மிடம் வாயால் சொல்வதோடு எழுதியும் கொடு. மிரட்டல் இருந்ததென்றால் அன்றைக்கே காவல் நிலையத்துக்குத் தெரிய வேண்டும். சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார், எண் என்ன என்பதை இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்; தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. 1098, 14417 என்ற உதவி எண்கள் இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழியாமல் பார்த்துக்கொள்.

"மாணவர் மனசு" புகார்ப் பெட்டி பல பள்ளிகளில் தூசி படிந்து கிடக்கிறது. எல்லார் கண்ணும் படும் இடத்தில் மாட்டியிருந்தால் யார் சீட்டுப் போடுவான்? தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழி மாதிரி, பிள்ளைகள் எப்படியும் கடந்து போகிற இடத்துக்கு மாற்றச் சொல்.

சின்னச் சண்டை என்று எதையும் தள்ளிவிடாதே. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் உடன் படிக்கும் பையனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு. பென்சில் கேட்டதில் வந்த மனஸ்தாபம் என்று போலீஸ் சொன்னது. ஒரே வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசாமல் நாட்களை ஓட்டியிருக்கிறார்கள். யார் யாரோடு பேசுவதில்லை, யார் திடீரென்று இடம் மாறி உட்காருகிறான் என்பது உன் கண்ணில் பட வேண்டும்.

உன் கண்ணில் படாதது மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச்சூடுகள் பெருகியபோது அந்நாட்டு ரகசியப் பாதுகாப்புப் பிரிவும் கல்வித் துறையும் 37 சம்பவங்களை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வெளியிட்டன. பத்தில் எட்டு சம்பவங்களில், தாக்கப் போகிறவன் மனதில் இருந்தது வேறு யாருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள். சொன்னால் காட்டிக்கொடுப்பவன் என்ற பட்டம் வரும், சொன்னவனுக்கே அடி விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அந்தப் பயத்தைக் காரணமற்றது என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. ஒரு முறையாவது புகார் சொன்ன பிள்ளை பத்திரமாக இருப்பதை வகுப்பு பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளை தானாக வரும்.

நார்வேயின் அனுபவமும் உனக்கு உதவும். 1982 இறுதியில் அங்கே மூன்று சிறுவர்கள், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அரசு மறு ஆண்டே நாடு முழுக்க இயக்கம் தொடங்கியது. டான் ஒல்வியஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரத்தின் 42 பள்ளிகளில் செய்து காட்டிய வேலையில் தொல்லைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அவர் வற்புறுத்தியவற்றில் ஒன்று மிகச் சாதாரணமானது: இடைவேளையில் பெரியவர்கள் வெளியே நிற்க வேண்டும். நம் பள்ளிகளில் இடைவேளை என்றால் ஆசிரியர்கள் ஓய்வறையில் டீயோடு இருப்பார்கள். கழிப்பறைப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டின் பின்சுவர், பஸ் நிறுத்தம் மூன்றும் பெரிய பையன்கள் வசம். பி.டி. மாஸ்டர் ஒருவரால் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. நான்கைந்து பேர் முறை போட்டுக்கொண்டால் முடியும்.

சாதிச் சண்டை தெற்கே உள்ளது, நம் பக்கம் கம்பெனி ஊர், இங்கே அதெல்லாம் இல்லை என்று உன் ஓய்வறையில் யாராவது சொல்வார்கள். 2018 நவம்பரில் ஓசூர் அருகே சாதி மாறித் திருமணம் செய்த இளம் தம்பதியைக் கொன்று காவிரியில் வீசினார்கள். உடல்கள் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் கிடைத்தன. அந்த ஆத்திரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் வகுப்பறைக்கு வருவார்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வேண்டாம், அகர வரிசையில் உட்கார வையுங்கள், 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் நல அலுவலர் ஒருவர் இருக்கட்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிறு விஷயத்தில் 2019-லேயே சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அப்படியே அமுங்கிப்போனது. அகர வரிசையில் உட்கார வைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. நாளைக் காலையே செய்யலாம்.

இந்த எல்லையில் இன்னொன்றும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே மைதானத்தில் விளையாடும். அது இந்த மண்ணின் அழகு, ஆனால் சட்டென்று குலையக்கூடியது. 2016 செப்டம்பரில் பெங்களூருவில் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவர், காவிரி தொடர்பாக முகநூலில் போட்ட கேலிப் படத்துக்காகச் சிலரிடம் அடி வாங்கினார். அடித்தவர்களே அதை வீடியோவாகப் பரப்பினார்கள். பதிலுக்குத் தமிழ்நாட்டில் கன்னடர்கள் மேல் கை வைத்தார்கள். அதுவும் வீடியோவாகப் போனது. செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே போக்குவரத்து நின்றது. காவிரிப் பேச்சு எழும் நாட்களில் உன் வகுப்புக் கன்னடப் பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறதா என்று பார்.

கும்பலாகச் சேர்வதன் ஆபத்தையும் பிள்ளைகளிடம் பேச வேண்டும். 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் நெடுஞ்சாலையை மறித்துப் பஸ்கள்மீது கல் எறிந்தார்களே, அதில் இளவட்டங்கள் எத்தனை பேர்! பிறகு வீடியோவைப் பார்த்து ஆள் ஆளாகப் பிடித்தார்கள். கும்பலில் வீசிய கல் ஒருவனுடைய பெயரில் வழக்காகும் என்பதை இந்தச் சம்பவத்தை வைத்தே பிள்ளைகளிடம் பேசலாம். பாடப்புத்தகத்தைவிட நன்றாகக் கேட்பார்கள்.

இனி டி.சி. விஷயம். 2022 ஏப்ரலில் மாதனூர் அரசுப் பள்ளியில் ஒரு மாணவன் ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த வீடியோ பரவியது. அடுத்த மாதமே, இப்படி நடப்பவர்களை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை டி.சி.யிலேயே எழுதுவோம் என்று கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். ஆசிரியர்களின் ஆதங்கம் புரிகிறது. 2012-ல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பிலேயே கத்தியால் குத்தியதில் ஓர் ஆசிரியை உயிரிழந்தார். அதை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. ஆனாலும் பதினாறு வயதுப் பையனை வெளியே தள்ளினால் அவன் எங்கே போவான்? ஓசூரில் வயதைக் கூட்டிச் சொல்லிக் காண்ட்ராக்ட் ஆளாகச் சேரப் பார்ப்பான், அல்லது ஏதாவது மேம்பாலத்தடியில் நிற்பான். அவன் மேல் இருந்த ஒரே கண்காணிப்பும் போய்விடும். சிறார் நீதிச் சட்டமே, பெரும்பாலான வழக்குகளில், தவறு செய்த சிறுவனுக்கு அந்தக் கறை பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது என்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்புக்காகத் தவறு செய்தவனின் வகுப்பை மாற்று, பெற்றோரை வரவழை, மனநல ஆலோசனைக்கு 14416-ஐ அழை. டி.சி. வேண்டாம்.

கடைசியாக ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். அவர்கள் வருவதில்லை என்பார்கள். மாலை மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் செகண்டு ஷிப்டுக்காரர் எப்படி வருவார்? வாரவிடுமுறை நாளில் காலை பத்துக்குப் போடச் சொல்லி ஹெச்.எம்.மைக் கேள். முதல் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சே எடுக்காதே. மாலை மணி அடித்த பிறகு எந்த வழியில் பிள்ளைகள் போகிறார்கள், எந்த இடத்தில் பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் கேட்டு, ஒரு தாளில் வழித்தடத்தை வரைந்து பெரியப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பு. அரையாண்டு விடுமுறையில் நீ வரும்போது அதை வைத்துக்கொண்டு, யார் எங்கே நிற்பது என்று உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
பெரியப்பா