கருவி தேர்தல்: மின் கிற்றாரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

இசைக்கருவியை விலையால் மதிப்போர் பலர். குற்றம் ஆராய்ந்து மதிப்போர் சிலர். சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போர் புரிய வந்த சீவகன் முன்னே யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அவன் கையிற் கிடைத்ததை வாங்கி உடனே மீட்டினான் அல்லன். இதன் மரம் நீரில் நின்றது, இது இடியால் தாக்குண்டது எனக் காரணம் காட்டி விலக்குகின்றான். நரம்பின் புரியைப் பிரித்து உள்ளே கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகின்றான். குற்றமற்ற யாழ் வந்த பின்னரே இசை தொடங்குகின்றது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நரம்பின் குற்றம் நான்கென உரையாசிரியரும் வகுத்துரைத்தனர். கருவியை ஆராய்ந்து கொள்ளுதல் தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

அந்த யாழ் வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் நரம்பின் கணக்கையும் மீட்டுத் தந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்ற அவ்வறிஞரின் யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் இறைவனடி சேர்ந்தார். பழைய யாழை ஆராய அடிகள் கைக்கொண்ட கணக்கும் செவியும் இன்றைய கருவியை ஆராய்தற்கும் உதவும். அவ்வழிநின்று, நம் மாணவர் பலரும் விரும்பும் மின் கிற்றாரை வாங்கும் முறையை ஈண்டு எடுத்துரைப்பாம்.

கிற்றார் நம் வாவிக்கரைக்கு அந்நியமானதன்று. 1628 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638 ஆம் ஆண்டில் அது ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆயினும், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தம் மொழியையும் கபறிஞ்ஞா ஆடலையும் விடாது காத்தனர். வயலினும் கிற்றாரும் அவர்தம் மணவீடுகளில் ஒலித்தன. புதியது மின்னே. இன்று உயர்ந்த வகைக் கருவி ஒன்றின் விலை பல இலட்சம் ரூபா. கடல் கடந்து உழைக்கும் அண்ணன்மாரும் மாமன்மாரும் அனுப்பும் பணம் அதற்குச் செலவாகின்றது. ஆராயாது வாங்கிய கருவி ஈராண்டிற் கழுத்து வளைந்து, நரம்பு துருவேறிப் பெட்டிக்குள் உறங்குமாயின், பணத்தோடு ஓர் இளைஞனின் இசையார்வமும் கெடும். ஆதலின் இது சிறு பொருளன்று.

கருவியின் இயல்பு

1831 ஆம் ஆண்டிற் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இக்கருவியின் உயிர். நரம்புகளின் கீழ், காந்தத்தைச் சூழ்ந்து மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுக்களாகச் சுற்றப்பட்டிருக்கும். இதனைப் பிக்கப் என்பர். உருக்கு நரம்பு அதிருங்கால் காந்தப்புலம் மாறுபடும். கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனை ஓசையாக்கும். நைலோன் நரம்பு பூட்டின் இப்பிக்கப் ஊமையாகிவிடும்.

இவ்வகைக் கருவியை முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றிக்கன்பேக்கர் நிறுவனம். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் 1952 இலும், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராற்றோகாஸ்டர் 1954 இலும் வெளிவந்தன. இன்று விற்கப்படும் கருவிகளுட் பெரும்பாலன இவ்விரண்டின் வழித்தோன்றல்களே. முன்னதிற் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்டது. பின்னதிற் கழுத்து திருகாணியாற் பூட்டப்பட்டது. முன்னது பொதுவாகப் பாரம் மிக்கது. முன்னதன் நரம்பு நீளம் ஏறத்தாழ 628 மில்லிமீற்றர். பின்னதன் நீளம் 648. ஒரே பருமனுள்ள நரம்பை ஒரே சுருதியிற் கூட்டின், குறுகிய நீளத்தில் இழுவிசை நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். விரலுக்கு அது இளகலாகத் தோன்றும்.

மாற்றக்கூடியவையும் மாற்றவொண்ணாதவையும்

பிக்கப், முறுக்காணி, குதிரை, நரம்பு, மின்னிணைப்பு ஆகியவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கழுத்தின் மரம், அதன் பருமனும் வடிவும், மெட்டுக்கள் பதிந்த செம்மை, உடலின் பாரம் ஆகியவற்றை எளிதில் மாற்றவொண்ணாது. ஆகவே, பணத்தைப் பின்னவற்றிற்கே முதற்கண் செலவிடுக. பளபளக்கும் பூச்சும், தலையிற் பொறித்த பெயரும், வரிவரியாக ஒளிரும் மேற்பலகையும் விலையை உயர்த்தும். விரலுக்கு அவை யாதும் உதவா.

மெட்டின் கணக்கு அறிந்துகொள்ளத்தக்கது. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய நரம்பு நீளத்தை 17.817 ஆல் வகுத்து வரும் தூரத்தில் அமையும். 648 மில்லிமீற்றர் நரம்பில் முதல் மெட்டு 36.4 மில்லிமீற்றரிலும், பன்னிரண்டாம் மெட்டு சரி பாதியாகிய 324 இலும் நிற்கும். வீணையின் மெட்டுக்களை மெழுகை இளக்கி மீண்டும் அமைக்கலாம்; கிற்றாரின் மெட்டு மரத்தில் அறையப்பட்டது. பிழையாக அறையப்பட்டது என்றும் பிழையே.

கடையிற் செய்யத்தக்க சோதனை

முதலாவது, ஒலிபெருக்கியோடு இணைக்காமலே மீட்டுக. நன்கு அமைந்த கருவி கையிலேயே அதிரும்; ஒலி விரைவில் மாயாது. இரண்டாவது, கழுத்தை அதன் நீளவாக்கிற் கண்ணால் நோக்குக. சிறிதே உள்வளைவு இருத்தல் நன்று, முறுகியிருப்பின் விலக்குக. மூன்றாவது, ஒவ்வொரு நரம்பையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் நரம்பு கறகறத்தால் அம்மெட்டுத் தாழ்ந்தோ அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்தோ இருக்கலாம். நான்காவது, பன்னிரண்டாம் மெட்டின் மேல் நரம்பை அழுத்தாது தொட்டு மீட்டுக. பின் அவ்விடத்தே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். சிறு வேறுபாட்டைக் குதிரையை நகர்த்தித் திருத்தலாம். திருத்திக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்டல் தவறன்று. ஐந்தாவது, பட்டியைத் தோளில் மாட்டிக் கால் மணிநேரம் நின்று வாசிக்க. தலைப்பக்கம் தானே தாழுமாயின் இடக்கை ஓயாது அதைத் தாங்க நேரும்.

இவற்றின் பின்னரே மின்னோடு இணைக்க. ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிந்த ஒலி தரும். ஆயின், நம் நாட்டு 50 ஏற்சு மின்னோட்டத்தின் இரைச்சலையும் வாங்கும். ஒன்றற்கொன்று எதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் அவ்விரைச்சலை நீக்கும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதனை 1955 ஆம் ஆண்டில் அமைத்தார். ஒலிபெருக்கியின் தரமும் ஓசையிற் பெரும்பங்கு கொள்வது. எல்லாப் பணத்தையும் கிற்றாருக்கே கொட்டி, மலிந்த ஒலிபெருக்கியில் வாசித்தல் பட்டுடுத்திச் சேற்றில் நடத்தல் போலும். அமெரிக்காவில் 120 வோல்ற்றுக்கென அமைந்த ஒலிபெருக்கியை மின்மாற்றியின்றி நம் 230 வோல்ற்றில் இணைத்தல் ஆகாது.

வாவிக்கரையின் காற்று

பிற நாட்டு நூல்கள் கூறாத ஒன்றை நாம் கருதல் வேண்டும். வாடைக்காலத்து மழையில் மரம் ஈரம் உறிஞ்சிப் பருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் உலர்ந்து சுருங்கும். உப்புக்காற்று உருக்கை அரிக்கும். நீரில் நின்ற மரத்தைச் சீவகன் விலக்கியதன் பொருள் இங்கு நன்கு விளங்கும். ஆதலின், கழுத்தினுள் உருக்குக் கம்பி இருத்தலையும், அதனைத் திருகும் வாய் எளிதில் எட்டுவதையும் பார்த்துக் கொள்க. பருவம் மாறுங்கால் கால் திருகு போதும். மெட்டு, கறையில் உருக்கினால் ஆயதாயின் நெடுநாள் நிற்கும். விரற்பலகைக்குக் கருங்காலி சிறந்தது. நம் வறள்வலயக் காடுகளிற் பிறக்கும் அம்மரத்தின் இறுக்கத்தை நாம் அறிவோம். வாசித்து முடிந்ததும் நரம்பைப் பருத்தித் துணியால் துடைத்தலும், பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொதி வைத்தலும் சிறு செலவிற் பெரும் பயன் தருவன.

எவ்விசைக்கு?

வாங்குவோன் எவ்விசையை வாசிக்கப் போகின்றான் என்பதே தலையாய வினா. மேனாட்டுக் குழுவிசைக்கு வேண்டுவது ஒன்று. நம் இராகத்தின் கமகத்திற்கு வேண்டுவது மற்றொன்று. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினிலும், ஆர். பிரசன்னா மின் கிற்றாரிலும் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினர். நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தே அசைவு பெறவேண்டியிருத்தலின், அவ்வழிச் செல்வோன் மெல்லிய நரம்பும், உயர்ந்த மெட்டும், இளகிய இழுவிசையும் உடைய கருவியைத் தேர்க. விலை கூடிய கருவி ஒன்றே எல்லாவற்றிற்கும் பொருந்தும் என எண்ணற்க.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தம்பிக்கோ மருமகனுக்கோ கருவி வாங்கி அனுப்ப விரும்பின், பெயரை மட்டும் கேட்டு வாங்கி அனுப்பாதீர். அவன் கையளவையும், அவன் பயிலும் இசையையும், அவன் ஆசிரியரின் கருத்தையும் முன்னர்க் கேட்டறிக. இயலுமாயின், பணத்தை அனுப்பி அவனே ஐந்து கருவியை மீட்டிப் பார்த்து ஒன்றைத் தேர விடுக. மாணவரோ, இரவற் கருவியில் ஓராண்டு பயின்று தம் செவியையும் விரலையும் அறிந்த பின்னரே உயர்ந்ததை நாடுக. குற்றம் காணும் செவி முதலில் வாய்க்கட்டும். நல்ல கருவியை அச்செவியே தேடித் தரும்.