திருகோணமலைத் துறைமுகத்தை வரையும் இளம் கலைஞருக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்கு மூலகாரணம் எண்ணெய். நிலக்கரியில் ஓடிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் முதலாம் உலகப் போரையொட்டி எண்ணெய்க்கு மாறின. சூயஸுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே பெரிய கையிருப்பு தேவைப்பட்டது. ஆழமும் குன்றுகளின் மறைப்பும் உள்ள இந்தக் குடா அதற்கு வாய்த்தது. 1920களில் சீனக்குடாக் காட்டுக்குள் எஃகுத் தாங்கிகள் எழத் தொடங்கின. 1927இல் ரயில் பாதை வந்தது. பின்னர் விமானத் தளம், போர்க்காலத்தில் பீரங்கி மேடைகள், பதுங்கு அறைகள், பண்டகசாலைகள் என்று கொங்கிரீட் பெருகியது. 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது.

இக்கட்டடங்களை ஓர் இளம் கட்டடக் கலைஞர் வரைந்து தொகுப்பாக வெளியிட்டிருக்கிறார். இக்கடிதம் அந்தத் தொகுப்பைப் படித்ததன் விளைவு. கோடு சுத்தம், அளவு சுத்தம். அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. குறை முன்னுரையிலேயே தொடங்குகிறது. அங்கே திருகோணமலை அஸ்மாராவுக்குத் தங்கையாக்கப்பட்டிருக்கிறது.

எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாரா, 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய நகரம். அதன் புகழ்பெற்ற கட்டடங்களில் பெரும்பாலானவை 1935க்கும் 1941க்கும் இடையே இத்தாலியர் கட்டியவை. பெத்தாத்சி 1938இல் கட்டிய ஃபியாட் தாலியேரோ எரிபொருள் நிலையத்தின் இரு கொங்கிரீட் சிறகுகளும் பக்கத்துக்குப் பதினைந்து மீற்றர் அளவில், கீழே ஒரு தூணுமின்றி நீண்டு நிற்கின்றன. முசோலினியின் பேரரசு ஊரார் பார்த்து வியக்கவென்று கட்டிய நகரம் அது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை கட்டியதோ பகைவன் கண்ணில் படாதிருக்க. தாங்கிகள் ஏறத்தாழ 850 ஏக்கரில், மரங்களுக்கிடையே, ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்கின்றன. அந்த எட்டத்தின் பயன் 1942 ஏப்ரல் 9இல் தெரிந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து ஒரு தாங்கி நாள்கணக்கில் எரிந்தது, மற்றவை தப்பின.

அஸ்மாராவை அளவுகோலாக வைத்ததால் இளம் கலைஞரின் கண் முகப்புகளையே தேடி அலைந்திருக்கிறது. வளைந்த சுவரும் வட்ட ஜன்னலும் கிடைத்த இடத்தில் இரண்டு தாள்; கிடைக்காத இடத்தில் அரைத் தாள். மறைவுக்காகக் கட்டியதை முகப்பு வரைந்து காட்டிவிட முடியாது. அதற்கு வெட்டுமுகம் வேண்டும். தரை எவ்வளவு தாழ்கிறது, சுவர் எத்தனை தடிப்பு, மண் எங்கே அணைத்திருக்கிறது, காற்று எந்த வழியே புகுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். தொகுப்பில் வெட்டுமுகம் ஒன்றே ஒன்று.

இரண்டாவது குறை இன்னும் எரிச்சலூட்டுவது. தொகுப்பில் ஒரு தாளிலும் மழை இல்லை. அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கும் மேலே, உப்புக்காற்று எட்டாத மேட்டுநிலத்தில் இருக்கிறது. இங்கே வைகாசி முதல் கச்சான் காற்று சுவரைக் காயவைத்து வெடிக்கவிடும். ஐப்பசியில் தொடங்கும் மாரி அந்த வெடிப்புக்குள் இறங்கும். வாடைக் காற்று கடலுப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். தட்டைக் கூரையை வரைந்தவர், அதில் விழும் நீர் எந்த மூலைக்கு ஓடி எந்தப் பீலி வழியே வெளியேறுகிறது என்று காட்டவில்லை. வெயில்தடுப்புகளை நிழலோடு அழகாக வரைந்தவர் அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

பார்க்கவேண்டிய இடமே அதுதான். நல்ல வெயில்தடுப்பின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளக்கோடு நீளவாக்கில் ஓடும். மேலிருந்து வழியும் நீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாகத் தவழ்ந்து சுவரை நோக்கி வரும். அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். கோடு இல்லாவிட்டால், அல்லது பின்னால் வந்தவர்கள் பூசி மூடிவிட்டால், நீரும் உப்பும் உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, கொங்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். துறைமுகப் பகுதியில் பழுப்புக் கோடுகளோடு நிற்கும் வெயில்தடுப்புகளில் பலவற்றின் கதை இதுதான்.

இதை எழுதுபவருக்குத் தொழில் பழக்கிய மேசன் ஒருவர் உட்துறைமுக வீதிப் பக்கம் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் அளவுநாடாவை எடுக்க மாட்டார். முதலில் கையை உயர்த்தி வெயில்தடுப்பின் அடியில் விரலை ஓட்டுவார். கோடு தட்டுப்பட்டால், “கட்டினவனுக்கு மழை தெரியும்” என்பார். மாரி காலத்தில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பீலி பார்க்கப் போவார். சீனக்குடா, ஓர்ஸ் ஹில், டொக்யார்ட் வீதி என்று ஊரின் கூரைகளையெல்லாம் அவர் ஒழுக்கைக் கொண்டே ஞாபகம் வைத்திருந்தார். ஊரின் பழைய கோட்டை வாசலை வரைய வந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர் அறிந்ததைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் எவருமில்லை. அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

தொகுப்பின் ஒரே வெட்டுமுகம் சீனக்குடாத் தாங்கியுடையது. அந்தத் தாளுக்கு முன் மேலே சொன்ன குறையெல்லாம் அற்பம். தகடுகளின் இணைப்புவரி, அடிவிளிம்பில் தேங்கிய சருகு, இடுக்கில் இறங்கிய ஆலம்வேர், பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மனித உருவம் என எல்லாமே அதில் உண்டு. ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் பாத்திரத்தின் பிரமாண்டம் ஒரு தாளில் அடங்கியிருக்கிறது. இத்துறைமுகத்தைப் பற்றி வந்த வரைபடங்களில் அதற்கு இணை எதுவுமில்லை. அதை வரைந்த கை மற்றத் தாள்களில் முகப்போடு நின்றுவிட்டதே என்பதுதான் ஆற்றாமை.

தளத்துக்குள்ளே இருப்பவை கடற்படையின் காவலில் உள்ளன. அனுமதி கிடைக்காத இடத்தில் பென்சிலை எடுக்கவே கூடாது. வெளியே வீதியோரம் நிற்பவையே ஓர் ஆயுளுக்குப் போதும். அவற்றுக்குச் சட்டத்தின் துணையும் குறைவு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கைத் திகதியான 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தது. அதற்குப் பிந்திய கட்டடம் காப்புப் பெறத் தனி அறிவித்தல் வேண்டும். ஆகவே கோட்டைக்கு உள்ள காவல் 1930களின் கொங்கிரீட்டுக்கு இல்லை. இடித்த பின் எஞ்சுவது அளவெடுத்த வரைபடம் மட்டுமே.

சீனக்குடாவில் எஞ்சியுள்ள 99 தாங்கிகளில் 14 ஏற்கெனவே லங்கா ஐஓசியின் பாவனையில் உள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கும் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் உரியவை. திருத்தவேலை நடக்கும் இடங்களில் பழைய தகடும் குழாயும் மாறும். இளம் கலைஞர் முறைப்படி அனுமதி கேட்டு, திருத்தவேலைக்கு முன்பே அந்தத் தாங்கிகளை வெட்டுமுகங்களாக அளந்துவிட வேண்டும். வீதியோரக் கட்டடங்களை வரும் ஐப்பசியில், மழை பெய்யும்போதே போய்த் திரும்பவும் வரைய வேண்டும்.