கண் சிமிட்டச் சொன்ன வங்கி



உளவியல் படித்திருக்கிறேன், புரோகிராமிங் தெரியாது, செயலிகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் ஆக்சசிபிலிட்டி பயனர் ஆய்வுக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கவனிக்கிறவர்கள்தான் கிடைப்பதில்லை.

முதலில் பிரக்யா பிரசூன் வழக்கைப் படியுங்கள். அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கண் சிமிட்டச் சொன்னார்கள். டிஜிட்டல் சேவைகளைப் பெறுவதும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயலியிலோ இணையதளத்திலோ புது வசதி வரும்போது பார்வையற்றவர்களையும் சோதனையில் சேர்க்கச் சொன்னது. அந்தச் சிமிட்டல் சோதனையில் பிழை எதுவும் இல்லை. திட்டமிட்டபடியேதான் வேலை செய்தது. சிமிட்ட முடியாதவர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்பதைத் தானியங்கிச் சோதனைக் கருவி சொல்லிவிடும். சிமிட்ட முடியாதவரைப் பற்றிய கேள்வியை அது கேட்காது.

திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. திரையை அணைத்துவிட்டு ரயில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். திணறுவீர்கள். அதையே பார்வையற்றவரின் அனுபவம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அது உங்கள் பழக்கமின்மை. தினமும் பயன்படுத்துகிறவர் வைத்திருக்கும் பேச்சு வேகத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

அதனால் தினமும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அவர்களுடைய போனிலேயே சோதியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைக் கொடுத்தால் லேப்டாப்பில் தடுமாறுவார்கள், நீங்கள் செயலியைக் குறை சொல்வீர்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் உதவிக்குக் கை நீட்டாதீர்கள். வீட்டுக்கு வந்தவரைத் தவிக்க விட்டுப் பழகாத நமக்கு இது கொஞ்சம் கொடுமையான வேலைதான். ஆனால் எங்கே நின்றார், அடுத்து எதைத் தேடினார் என்பதில்தான் அறிக்கையே இருக்கிறது. சோதனையில் பங்கெடுத்தவருக்குக் கட்டணம் கொடுங்கள், அவர் உங்களிடம் வர நேர்ந்தால் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் கட்டணம் ஆகாது.

ஆக்சசிபிலிட்டி பயனர் ஆய்வு என்ற பெயரிலேயே வேலை விளம்பரம் வருவது இங்கே அபூர்வம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வழியாக உள்ளே வந்தவர்கள் உண்டு, அதுவும் நல்ல வழி. ஆக்சசிபிலிட்டிக்கான சிபேக் (CPACC) சான்றிதழ் நேர்காணல் வரை கொண்டுபோகும், கவனிக்கக் கற்றுத்தராது.

நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: மாற்றுத்திறனாளிகள் உங்கள் குழுவில் சம்பளத்துக்கு இருக்கிறார்களா, எல்லாம் முடிந்தபிறகு சோதனைக்கு மட்டும் வருகிறார்களா? எதிரே இருப்பவர் மழுப்பினால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். அங்கே தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.