லூபஸ் வந்த பிள்ளைக்கு ஊர் டாக்டர் எதற்கு?

திருநின்றவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "இனிமேல் காய்ச்சல், சளி என்று எது வந்தாலும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டுமா? நம்ம ஊர் டாக்டரிடம் காட்டவே கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காட்ட வேண்டும். முன்பைவிட அதிகமாகவே காட்ட வேண்டும். லூபஸ், அதாவது உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய், என்று உறுதிசெய்து மருந்தைத் தொடங்குவது பெரிய ஆஸ்பத்திரியின் வேலை. தொடங்கிய மருந்து பாதியில் நின்றுபோகாமலும், சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகாமலும் பார்த்துக்கொள்வது தெருமுனை கிளினிக்கின் வேலை. மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் உங்கள் பெயரை விட்டுவிட்டுப் பொதுவாகவே எழுதுகிறேன்.

மகளோடு நாலு மாதம் அலைந்தும் அவளுக்கு லூபஸ் என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் டாக்டரின் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தும் ஒருமுறை பாருங்கள். குழந்தைகளுக்கு லூபஸ் வருவது அபூர்வம். வெளிநாட்டுக் கணக்குகளில், லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்குப் புதிதாக ஒருவருக்கும் குறைவு. கிளினிக் வைத்திருக்கும் ஒரு பொது மருத்துவர் தன் காலம் முழுக்க ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பார்த்தாலே அதிகம். மழைக்காலத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வருகிறது, வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் குறைந்திருக்கின்றன என்றால், டெங்கு என்று நினைப்பதுதான் முறை. ஆனால் டெங்கு ஏறக்குறைய பத்து நாளில் முடிந்துவிடும். பிளேட்லெட் தானாக ஏறிவிடும். மூன்று வாரம் கழித்தும் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ரத்த அணுக்களும் மேலே வரவில்லை என்றால் டெங்கு என்ற கணக்கை மூடிவிட்டுப் புதிதாக யோசிக்க வேண்டும். காசநோய், ரத்தப் புற்றுநோய், லூபஸ் மூன்றும் அந்தப் புதுக்கணக்கில் வரும்.

உங்கள் மகளுக்கு நடந்ததும் பல வீடுகளில் நடப்பதுதான். காய்ச்சலை ஒரு டாக்டர் பார்த்தார். முட்டி வலியை எலும்பு டாக்டர் பார்த்தார். கன்னத்துக் கருமைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் வாங்கினீர்கள். முடி கொட்டியதற்குப் பாட்டி எண்ணெய் காய்ச்சினார்கள். நாலும் நாலு கைகளில் இருந்ததால் ஒன்று சேரவில்லை. அந்த மாதிரி கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தடவினால் தடிப்பு கொஞ்சம் மங்கும், அடையாளமும் அதோடு போய்விடும். மூட்டு வலிக்கு இன்னொரு பொறி உண்டு. ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு சற்று ஏறியிருந்தாலே வாதக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை சொல்வதெல்லாம் சமீபத்தில் ஒரு தொண்டைத் தொற்று வந்துபோனது என்பதை மட்டும்தான். பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் அது வந்திருக்கும்.

லூபஸைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். பிள்ளையை ஜன்னல் பக்கம் நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும். புத்தகப் படங்களில் லூபஸ் தடிப்பு செக்கச்செவேல் என்று இருக்கும். அவை வெள்ளைத் தோலில் எடுத்த படங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது காபிப்பொடி நிறத்திலோ கத்தரிப்பூச் சாயலிலோ இருக்கும், மங்கு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். இரண்டு கன்னத்திலும் படர்ந்து மூக்குத்தண்டின் மேலும் ஏறியிருக்கும். மூக்கோரத்திலிருந்து வாயை நோக்கி இறங்கும் மடிப்பை மட்டும் தொடாமல் விட்டிருக்கும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே புண் இருந்தாலும் பெரும்பாலும் வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லியே இருக்காது. விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். காலையில் சீப்பில் எவ்வளவு முடி வருகிறது என்று அம்மாவைக் கேட்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில், அதுவும் பெண் குழந்தைக்கு, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் லூபஸை நினைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் வரும், குறைவு, அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு முன் வருவது மிக அரிது.

ஆரம்பப் பரிசோதனைகள் நம் ஊர் லேபிலேயே ஆகும். ரத்த அணு எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சிஆர்பி, சிறுநீர். ஈஎஸ்ஆர் எக்கச்சக்கமாக ஏறியிருக்க, சிஆர்பி மட்டும் அடக்கமாக இருந்தால் அது ஒரு நல்ல துப்பு. சந்தேகம் வலுத்தால் ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை. ஆனால் முழு உடல் பரிசோதனை பேக்கேஜோடு ஏஎன்ஏ-வையும் சேர்த்து எடுத்துவிட்டு, பாசிட்டிவ் என்ற தாளோடு அழுதுகொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் குறைந்த அளவில் அது பாசிட்டிவாக இருக்கும். நெகட்டிவ் வந்தால் லூபஸ் பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிடலாம். பாசிட்டிவ் வந்ததை மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்ல முடியாது.

இது புது வியாதியா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஏ.என்.சந்திரசேகரனும் உடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியக் குழந்தைகளின் லூபஸ் பற்றி 1994-லேயே இந்தியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ் இதழில் எழுதிவிட்டார்கள். மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே இருக்கிற பெரியாஸ்பத்திரிதான் அது. உங்கள் மகளின் தோழிகள் "சமந்தாவுக்கு வந்ததா?" என்று கேட்டார்களாமே. நடிகை சமந்தா 2022-இல் தனக்கு இருப்பதாகச் சொன்னது மயோசிடிஸ், தசையைத் தாக்குவது. இரண்டும் உடம்பின் காவல் தன் உடம்பையே அடிக்கிற கோளாறுகள் என்ற அளவில் உறவு, வேறொன்றும் இல்லை. தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

இனி சிறுநீரகம். இதய நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ நம் ஊர் இருதயாலீஸ்வரர் கோயிலைத் தேடி வருகிறார்கள். சிறுநீரகத்துக்காக யாரும் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை, அதற்கு அவ்வளவு மதிப்புக் கிடையாது! ஆனால் லூபஸ் வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, பெரியவர்களைவிட அதிகமாக. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே. ஆரம்பத்தில் வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. காலையில் கண்ணிமை வீங்குவதும் சிறுநீர் நுரைப்பதும் தெரியும்போது கொஞ்ச நாள் போயிருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பவை இரண்டுதான். ஒன்று சிறுநீரில் புரதம். ஸ்ட்ரிப்பை நனைத்தால் மஞ்சள் கட்டம் பச்சையாக மாறும், ஒரு நிமிட வேலை. காலையில் எழுந்ததும் கழிக்கிற முதல் சிறுநீராக இருக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எடுக்கக் கூடாது. மற்றொன்று ரத்த அழுத்தம். பெரியவர்களுக்குக் கட்டுகிற பட்டையை ஒல்லியான பிள்ளையின் கையில் சுற்றினால் அழுத்தம் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். குழந்தைக்கான பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மாத்திரைகளில் முக்கியமானது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மாத்திரை என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட நினைத்தீர்களே, அதையேதான். லூபஸ் உள்ள கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது உண்டு. நோய் திரும்பவும் தலைதூக்காமல் பிடித்துவைப்பது அதுதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அது நல்லது என்ற பேச்சு கிளம்பி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைக்க, நாட்டில் தட்டுப்பாடு வந்து, மத்திய அரசு ஏற்றுமதியையே கட்டுப்படுத்தியது. கொரோனாவுக்கு அது உதவவில்லை என்று பிறகு தெரிந்தது. நடுவில் திண்டாடியவர்கள் லூபஸ் நோயாளிகள். தினசரி அளவு, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறையும் பிறகு டாக்டர் சொல்கிறபடியும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு விஷயம் வேறு. அதை முதலில் கூடுதலாகக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். முகம் உப்பும், பசி எடுக்கும், பரு வரும். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் மறந்துவிடுகிறோம். வகுப்பில் யாரோ "பன்" என்று கூப்பிட்டிருப்பார்கள், மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது, திடீரென நிறுத்தினால் அழுத்தம் இறங்கி மயக்கமே வரலாம். அதனால் மாத்திரையை அம்மா கையால் கொடுங்கள், காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். தொற்றாகவும் இருக்கலாம், லூபஸே கிளம்பியிருக்கலாம். எது என்று பிரிப்பதற்கு டாக்டருக்கு ரத்தமும் சிறுநீரும் வேண்டும். அதுவரை பாராசிட்டமால் போதும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகள் வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது. சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் எழுதினால் லூபஸ் இருப்பதை நினைவுபடுத்துங்கள்.

அம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வைத்தியம் கிடையாது. நல்ல உடம்புக்கு அது சரிப்பட்டுப் போய்விடும். ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் சாப்பிடுகிற பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. முதல் கொப்புளம் தெரிந்த அன்றே அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டில், வகுப்பில் யாருக்காவது போட்டிருக்கிறது என்று தெரிந்தாலே உடனே சொல்லுங்கள். வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி வகைகள், அதாவது எம்எம்ஆர், சின்னம்மை ஊசி போன்றவை, இந்த மருந்துகள் ஓடும்போது கூடாது. பள்ளியில் போடும் டிடி ஊசியும், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியும் போடலாம். வெயில் இந்த நோய்க்கு ஆகாது என்பதால், காலைப் பிரார்த்தனைக்கு நிழலில் நிற்க அனுமதி கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். முழுக்கை, குடை, சன்ஸ்கிரீன்.

எனக்கு ஒரு குறை உண்டு. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பெரும்பாலும் 12 வயதோடு முடிந்துவிடுகிறது. லூபஸ் அதிகம் தொடங்குவதோ அந்த வயதில்தான். பிள்ளை ஒரு டாக்டருக்குப் பழகுவதற்குள் பெரியவர்கள் வார்டுக்கு மாற வேண்டும், கைமாறும்போது தாள்கள் தொலையும், மருந்து விட்டுப்போகும். இந்த இடைவெளியில் மாறாமல் இருக்கக்கூடிய ஒரே ஆள் ஊர் டாக்டர். எடை, உயரம், ரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், மாத்திரை அளவு எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் அவரைக் கொண்டு எழுதி வாங்குங்கள். எழும்பூருக்குப் போனாலும் சென்ட்ரலுக்குப் போனாலும் அந்த நோட்டு கூடவே போகட்டும்.

கல்யாணம், குழந்தை என்று நீங்கள் கேட்காமல் கேட்டதும் புரிகிறது. நோய் அடங்கியிருக்கும்போது, டாக்டரோடு திட்டமிட்டால், முடியும். 1950-களில் இந்த நோய் வந்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இன்று நல்ல சிகிச்சையில் 90 சதவீதத்துக்கு மேல்.

உங்கள் கடிதத்தில் எல்லா ரிப்போர்ட்டும் எழுதியிருந்தீர்கள். கடைசியாகச் சிறுநீர் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. நாளைக் காலை முதல் சிறுநீரைப் பிடித்து, நம் ஊர் லேபில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் டாக்டர்